மாசி எப்படி இருக்கிறாள்?

மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கைவிடப்பட்ட பழைய பிள்ளைக் காம்பராவில் (வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம்) பூனைகளை வைத்துப் பராமரித்து வருகிறார் ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவிச்சி ஒருவர். வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழிலும் அவர் பதில் எழுதுகிறார்.

கேள்வி: போன வருஷம் எங்கள் பாடசாலையிலிருந்து உங்கள் பூனைக் காம்பராவைப் பார்க்க வந்தோம். மூன்று கால் மாசி என் மடியில் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டாள். மாசி எப்படி இருக்கிறாள் அம்மா? மறுபடி வந்தால் என்னை அடையாளம் தெரியுமா?
– ஒன்பதாம் ஆண்டு மாணவி, நோர்வூட்

பதில்: மகள், உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாலு நாள் அப்படியே மேசையில் வைத்திருந்தேன். மாசி இப்போது இல்லை, பிள்ளை. 2024 நவம்பரில், தீபாவளி முடிந்த அடுத்த வாரம், விடியப்போகும் நேரத்தில் போய்விட்டாள். நீ வந்தபோதே அவளுக்கு உடம்பு சரியில்லை. இருந்தாலும் ஒரு மடியைக் கண்டால் ஏறாமல் இருக்கமாட்டாள். உன்னைப் போலவே இன்னும் சில பேர் அவளை விசாரித்து எழுதியிருக்கிறார்கள். அதனால் அவள் கதையைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2013ஆம் வருஷம். ஏழாம் நம்பர் மலையில் கவ்வாத்து, அதாவது தேயிலைச் செடி வெட்டும் வேலை, நடந்துகொண்டிருந்தது. மத்தியானம் ரொட்டி சாப்பிடும் நேரம், ஒரு தம்பி கம்பளிக்குள் எதையோ சுற்றி எடுத்துக்கொண்டு என் வீட்டு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வந்து நின்றான். காட்டுப்பன்றிக்கு வைத்த தடத்தில் மாட்டிய பூனை. மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியில் போட்ட சுருக்கு, இடது முன்னங்காலில் எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. கம்பி கட்டியிருந்த முளையைச் சுற்றி மண் வட்டமாகத் தேய்ந்து கிடந்தது என்று அந்தத் தம்பி சொன்னான். எத்தனை ராத்திரி சுற்றினாளோ.

செவலை, கறுப்பு, வெள்ளை மூன்றும் கலந்த பெட்டைப் பூனை. ஒரு வயதுகூட ஆகியிருக்காது. தண்ணீர் வைத்தேன், குடிக்கவில்லை. பால் வைத்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. அந்தத் தம்பியின் ரொட்டிப் பொட்டலத்தில் கட்டைச் சம்பல் இருந்தது. பொட்டலத்தைக் கீழே வைத்ததும் தலையைத் தூக்கி, மிளகாயையும் வெங்காயத்தையும் ஒதுக்கிவிட்டு மாசிக் கருவாட்டுத் துண்டுகளை மட்டும் பொறுக்கித் தின்றாள். ஒதுக்கியதும் நல்லதுதான், வெங்காயம் பூனையின் இரத்தத்தைக் கெடுத்துவிடும். அப்படி வந்த பெயர்தான் மாசி. மாசி மாதத்தில் பிறந்தவள் என்று நினைத்துக்கொண்டு சிலர் பிறந்தநாளெல்லாம் விசாரிப்பார்கள். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் கொழுந்துக் கூடையில் அவளை வைத்து, மேலே சாக்கைக் கட்டி, ஹட்டனில் கோச்சி (ரயில்) ஏறினேன். வட்டவளை, நாவலப்பிட்டி, கம்பளை, அப்புறம் பேராதனைச் சந்தி. வழி முழுக்க அவள் ஒரு சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குப் பயம். பக்கத்தில் இருந்த ஒரு சிங்கள அம்மா கூடைக்குள் எட்டிப் பார்த்தார். “பவ்” (பாவம்) என்று ஒரே ஒரு வார்த்தை. தன் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கூடைக்குள் விரித்துவிட்டு, கம்பளையில் இறங்கிப் போய்விட்டார். அந்தத் துவாய் இன்னமும் இங்கே இருக்கிறது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலையில் காலைத் தோளுக்குக் கிட்ட எடுத்தார்கள். “பாதிக் காலாவது மிச்சம் வைக்கக் கூடாதா டொக்டர்?” என்று கேட்டேன். மிச்சம் வைத்தால் அதை ஊன்றி ஊன்றிப் புண்ணாக்கிக்கொள்ளும், முழுசாக எடுத்தால் மூன்று காலில் சீக்கிரம் பழகிவிடும் என்றார். அவர் சொன்னபடியே மூன்றாவது வாரம் விறகு அட்டியின் உச்சியில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் உடம்பு அந்தக் காலை மறக்கவில்லை. மணலில் போய்விட்டு மூடப் பார்க்கும்போது இடது தோள் மட்டும் கிடந்து அசையும். மண் நகராது. குனிந்து மணந்து பார்ப்பாள், மறுபடி தோளை அசைப்பாள். நான் போய் மூடிவிட்டால் திருப்தியாக நகர்வாள். பதினோரு வருஷம் அந்த வேலையை நான் செய்தேன்.

அவளை யாரும் தத்தெடுக்கவில்லை. வருகிறவர்கள் குட்டிதான் கேட்பார்கள், அதுவும் குறையில்லாத குட்டி. 2015இல் ஒரு குடும்பம் ஆசையாகக் கொண்டுபோனது. இரண்டு நாளும் அலுமாரிக்கு அடியிலேயே கிடந்தாள், ஒரு வாய் சாப்பிடவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். கூடையைத் திறந்ததும் நேரே போய் அடுப்புச் சாம்பலில் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவளை யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளைக் காம்பராவில் ஏணை கட்டுவதற்குப் போட்ட இரும்புக் கம்பி இன்னும் குறுக்கே இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதில் வரிசையாகப் பன்னிரண்டு ஏணை தொங்கும். தாய்மார் மலைக்குப் போய்விட, பிள்ளைகள் அதில் தூங்குவார்கள். கீழே புதுக் கட்டடம் கட்டிப் பிள்ளைகளை அங்கே கொண்டுபோன பிறகு, தோட்டத்தில் கேட்டு இந்த இடத்தைப் பூனைகளுக்கு எடுத்துக்கொண்டேன். அதே கம்பியில் பழைய சேலையால் ஏணை கட்டியிருக்கிறேன். அதில் கடைசி ஏணைதான் மாசியுடையது. எனக்கு மூட்டு வலி வந்தபிறகு எல்லா ஏணையையும் தாழ்த்திக் கட்டினேன். அவளுடையதை மட்டும் உயரத்திலேயே விட்டேன். ஏறுவதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

பின்னேரம் நாலரை மணிக்குக் கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் இறங்கி வருவார்கள். அந்த நேரம் மாசி இஸ்தோப்புப் படியில் இருப்பாள். ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள். அவர்கள் இடுப்பில் கட்டிய படங்கில் நெற்றியை வைத்து அழுத்தி, பச்சைக் கொழுந்து வாசத்தை மணந்து பார்ப்பாள். நாள் முழுக்க அட்டைக்கடியும் மழையுமாக நின்றுவிட்டு வருகிற பெண்கள், அவளைத் தடவாமல் லயத்துக்குப் போகமாட்டார்கள். 2022இல் பெற்றோல் இல்லை, பால்மா இல்லை, கரண்ட் இல்லை. அந்த நாட்களில் அவர்கள்தான் ஆளுக்கொரு கருவாட்டுத் தலையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார்கள். தங்கள் வீட்டில் குழம்புக்கு வழியில்லாத நேரம் அது. வெறும் சோற்றில் பூனை தாங்காது. மீனிலும் இறைச்சியிலும் இருக்கும் டோரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் கண்ணும் இருதயமும் கெட்டுப்போகும். அந்தக் கருவாட்டுத் தலைகளுக்கு நான் எப்படி நன்றி சொல்ல?

2023இல் தண்ணீர்ச் சட்டியை விட்டு நகராமல் குடிக்கத் தொடங்கினாள். உடம்பு இளைத்தது. வயதான பூனைகளுக்கு வரும் சிறுநீரக வியாதி. தோலுக்கு அடியில் சேலைன் ஏற்ற டொக்டர் காட்டிக்கொடுத்தார். முப்பத்தொரு வருஷம் ஊசி போட்ட கைதான், அவள் முதுகுத் தோலைத் தூக்கிப் பிடித்த முதல் நாள் நடுங்கியது. கடைசித் தீபாவளிக்கு வெடிச் சத்தம் கேட்டும் அவள் எழும்பவில்லை. மற்ற வருஷங்களில் முதல் வெடிக்கே அரிசிச் சாக்குக்குப் பின்னால் ஓடிவிடுவாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

கொய்யா மரத்தடியில் வைத்து, மண்ணை நானே மூடினேன், மகள். அது எப்போதும் என் வேலைதானே.

உன்னை அடையாளம் தெரிந்திருக்குமா என்று கேட்டாய். பூனை முகத்தைவிட வாசத்தையும் குரலையும்தான் நன்றாக நினைவில் வைக்கும். நீ பேசியிருந்தால் காதைத் திருப்பியிருப்பாள்.

கேள்வி: விறகு அட்டிக்குள் மூன்று குட்டிகள் கண் திறக்காமல் கிடக்கின்றன. தாயைக் காணவில்லை. மாட்டுப்பால் கொடுத்தோம், வயிற்றால் போகிறது. என்ன செய்வது?
– இல்லத்தரசி, வட்டவளை

பதில்: தங்கச்சி, இந்தப் பத்திரிகை உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று முதலில் தபாலட்டையில் எழுதி அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கே சொல்கிறேன்.

குட்டிகளைக் கண்டவுடன் தூக்காதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம், அல்லது ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம். தூரத்தில் நின்று சில மணி நேரம் பாருங்கள். உடம்பு சில்லென்று ஆகிவிட்டால் மட்டும் உடனே எடுக்க வேண்டும். எடுத்தால் முதல் வேலை சூடு. சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். நம் மலையில் ராத்திரிப் பனியில் ஒரு மணி நேரம் போதும், குட்டி விறைத்துவிடும். குளிர்ந்த குட்டிக்குப் பால் கொடுக்கவே கூடாது, அதற்குச் செரிக்காது. சூடேறிய பிறகுதான் பால்.

மாட்டுப்பாலில் உள்ள லக்டோஸ் குட்டிக்கு ஒத்துக்கொள்ளாது, வயிற்றால் போவது அதனால்தான். குட்டிகளுக்கென்றே பால்மா மிருக மருந்துக் கடைகளில் கிடைக்கும். அது கைக்கு வரும்வரை ஆட்டுப்பாலில் சமாளிக்கலாம். முதல் இரண்டு வாரம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம், ராத்திரியும் கொடுக்க வேண்டும். நம் பிள்ளைக்குக் கொடுப்பதுபோல் மல்லாத்திப் பிடிக்காதீர்கள், பால் சுவாசப்பைக்குள் போய்விடும். தாயிடம் குடிப்பதுபோல் குப்புறப் படுக்கவைத்துக் கொடுங்கள். குடித்து முடிந்ததும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிப்பக்கத்தைத் துடைத்துவிட வேண்டும். அந்த வயதில் தானாகச் சிறுநீர் போகாது.

எனக்கு இந்தக் கடைசி விஷயத்தில் பஞ்சு தேவைப்படவில்லை. 2014இல் ஒரு மழைநாள், யாரோ நாலு குட்டிகளைப் பிஸ்கட் பெட்டியில் போட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் பால் கலக்கிக்கொண்டு திரும்பினால் மாசி பெட்டிக்குள் படுத்திருக்கிறாள். கருத்தடை செய்த பூனை, ஒருநாளும் குட்டி போட்டதில்லை, ஒரு சொட்டுப் பால் கிடையாது. குட்டிகள் வெறும் காம்பைச் சப்பச் சப்ப, ஒவ்வொன்றாக நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். பால் என் வேலை, மற்றதெல்லாம் அவள் வேலை என்று அன்றைக்கே எங்களுக்குள் பங்கு பிரிந்துவிட்டது. அப்படி வளர்ந்த குட்டிகள் நாற்பதுக்கு மேல். கிளினிக்கில் பிள்ளைகளின் நிறை எழுதிய பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் கொப்பி வைத்திருக்கிறேன். நீங்களும் சமையல் தராசில் தினமும் நிறுத்து எழுதுங்கள். நாளுக்குப் பத்துக் கிராம் அளவுக்கு ஏறினால் பயமில்லை. ஏறாமல் நின்றால் அன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள். ஏழு முதல் பதினாலு நாளுக்குள் கண் திறக்கும்.

கேள்வி: மூன்று நிறப் பூனையில் கடுவன் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்கிறார்களே, உண்மையா?
– கடை முதலாளி, பொகவந்தலாவை

பதில்: அதிர்ஷ்டம் பற்றி எனக்குத் தெரியாது அண்ணன், அபூர்வம் என்பது உண்மை. செவலையா கறுப்பா என்று சொல்லும் மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. பெட்டைக்கு எக்ஸ் இரண்டு, அதனால் இரண்டு நிறமும் வரலாம். கடுவனுக்கு ஒன்றுதான். எப்போதாவது ஒரு எக்ஸ் கூடுதலாகப் பிறக்கும் கடுவனுக்குத்தான் அநேகமாக இரண்டும் வரும். அதுவும் பெரும்பாலும் மலடாகத்தான் இருக்கும். மாசியும் மூன்று நிறம்தான், பெட்டைதான்.

கேள்வி: நான் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோதுதான் எங்கள் பூனை செத்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டது என்று தெரிந்தது. அம்மா சொல்லவே இல்லை. கடைக்குத் திரும்பி வந்து ஒருநாள் அழுதுவிட்டேன். “பூனைதானே” என்று கூட இருப்பவர்கள் சிரித்தார்கள். நான் செய்தது தவறா?
– வாசகர், கொழும்பு

பதில்: மகன், தவறே இல்லை. மாசி போன அடுத்த நாள் பின்னேரம் நாலரைக்கு நான் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தேன். பெண்கள் வந்து நின்ற சத்தம் கேட்டது. படி காலியாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். யாரும் கதவைத் தட்டவில்லை. அவர்கள் போன பிறகு வெளியே வந்து பார்த்தால் கொய்யா மரத்தடியில் ஒரு கைப்பிடி பச்சைக் கொழுந்து. நிறுத்துக் கொடுத்தால் காசாகும் கொழுந்து. அவர்களில் ஒருவர் வீட்டிலும் மாசி ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. ஆனாலும் அவர்களுக்கு அவள் “எங்க மாசி”.

சிரித்தவர்களை விடுங்கள். அவர்கள் உங்கள் பூனையைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அம்மாவிடம் கோபப்படாதீர்கள். தூரத்தில் தனியாக இருக்கும் பிள்ளை வேலை நேரத்தில் அழக் கூடாது என்று நினைத்திருப்பார். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ தாய்மார் கெட்ட செய்தியைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் மறைத்ததைப் பார்த்திருக்கிறேன். சுமையைத் தாங்களே தூக்கிக்கொள்வார்கள். ஆறுதலாக இருக்கும்போது அம்மாவைக் கூப்பிட்டு, எந்த நாள், எங்கே படுத்திருந்தது, எங்கே புதைத்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். உங்களுக்காக அவர் அதை மனதில் வைத்திருப்பார். அவருக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கும்.

கேள்வி: என் பெயரும் தோட்டமும் வேண்டாம். 2013இல் ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே எனக்கு ஒரு மரக்கறித் தோட்டம் இருந்தது. பன்றி தாங்க முடியாமல் ஐந்து கம்பி வைத்தேன். ஒருநாள் போய்ப் பார்த்தபோது ஒன்றை யாரோ வெட்டியிருந்தார்கள். அதில் இரத்தமும் செவலை மயிரும் ஒட்டியிருந்தன. பிறகு உங்கள் வீட்டுப் படியில் மாசியைக் கண்டேன். பத்து வருஷமாக அந்தப் பாதையில் போகாமல் குறுக்கு வழியில் போய் வந்தேன். இப்போது இறந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். மண்ணையாவது வந்து பார்க்கலாமா?

பதில்: அண்ணன், மறைக்க மாட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஏணைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கோபம் அடங்கிய பிறகு இன்னொரு தடவை படித்தேன்.

பன்றி ஒரே ராத்திரியில் கிழங்குப் பாத்தியைக் கிளறிவிட்டுப் போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த மாதக் கடைப் பாக்கி, பிள்ளையின் கொப்பி, எல்லாம் அந்தப் பாத்தியில்தான் இருக்கும். ஆனால் கம்பிக்குப் பன்றியும் தெரியாது, பூனையும் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை இப்படித்தான் மாட்டியது. அப்படி ஒரு மிருகம் நம் மலையில் இருக்கிறது என்பதே நம்மில் பல பேருக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள், சில நாளில் இறந்துவிட்டது. அந்தப் படத்தைப் பேப்பரில் பார்த்தபோது மாசி என் மடியில்தான் இருந்தாள்.

இன்னும் கம்பி வைக்கிறவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் சொன்னால் பூனைக்கார அம்மா புலம்புகிறார் என்பார்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள். பழைய கூரைத் தகரத்தை அரை அடி மண்ணுக்குள் இறக்கி நெருக்கமாக வேலி போட்டால் பன்றி கிண்டி நுழைவது நன்றாகக் குறையும். செலவுதான், ஆனால் நாலு வீட்டார் சேர்ந்தால் முடியும். அதோடு இதையும் சொல்லுங்கள்: எந்த மிருகமாவது மாட்டியிருந்தால் கம்பியை அறுத்து அப்படியே ஓடவிடக் கூடாது. இரத்த ஓட்டம் நின்ற இடம் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் அழுகத் தொடங்கும், காட்டுக்குள் போய்ச் சாகும். பூனை, நாய் என்றால் சாக்கால் மூடிப் பிடித்து டொக்டரிடம் கொண்டுபோக வேண்டும். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிறுத்தை என்றால் கிட்டப் போகவே கூடாது, வனஜீவராசி அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும்.

அவள் உங்களை என்ன நினைத்தாள் என்று என்னால் சொல்ல முடியாது. இங்கே வந்த மனிதர்களைக் கண்டு அவள் ஒருநாளும் ஒதுங்கியதில்லை. இது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். குறுக்கு வழியில் போகாமல் நீங்கள் படிக்கு வந்திருந்தால் உங்கள் காலிலும் நெற்றியை வைத்து அழுத்தியிருப்பாள்.

வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளும் வரலாம். கொய்யா மரம் பின்பக்கம், தண்ணீர்ப் பீலிக்குக் கிட்ட இருக்கிறது. பழைய கம்பி ஏதாவது மிச்சம் இருந்தால் கையோடு கொண்டுவாருங்கள், என்னிடம் குறடு இருக்கிறது, துண்டு துண்டாக வெட்டிவிடலாம். நாலரைக்கு வந்தால் பெண்களும் இறங்கி வரும் நேரம். பிளேன்டீ போட்டு வைக்கிறேன்.